லூசில் பாலைப் பெட்டிச் செய்தியாக்கிய பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

காட்சித் தொடர்பியல் துறையின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வரும் கல்வியாண்டுக்கான ‘தொலைக்காட்சித் தயாரிப்பு’ தாளின் வரைவை வருகைதரு ஆசிரியர்களான எங்களுக்கும் அனுப்பியிருந்தீர்கள். மூன்றாம் அலகில் இருந்த, அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை லூசில் பாலைப் பற்றிய பகுதியை அதில் காணோம். தேடிப் பார்த்தால் ஐந்தாம் அலகின் ஓரத்தில், ‘சின்னத்திரையில் பெண்கள்’ என்ற பெட்டிச் செய்திக்குள் அவர் இருக்கிறார். கணவர் டெசி ஆர்னாஸ் நிறுவிய டெசிலு நிறுவனத்தின் தொடர்களில் நடித்துப் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகை என்று ஒரே வரி. மூன்று கேமராப் படப்பிடிப்பு, பார்வையாளர் முன் ஒளிப்பதிவு, மறுஒளிபரப்பு உரிமை ஆகியவை மட்டும் மூன்றாம் அலகில் பத்திரமாக இருக்கின்றன. எதற்குப் பக்கத்திலும் ஒருவர் பெயரும் இல்லை.

ஏன் என்று கேட்டேன். ஒரு நடிகையின் வாழ்க்கைக் கதைக்குத் தயாரிப்புத் தாளில் என்ன வேலை என்று ஒரு பதில் வந்தது. எழுபது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைக் காமெடி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டாது என்று இன்னொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. குழுவுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வரைவு இறுதியாகப் போகிறது என்று தெரிந்த பிறகு பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு வரியைப் பார்ப்போம். டெசிலு என்ற பெயரே டெசி, லூசில் இருவர் பெயரையும் சேர்த்து ஒட்டியது. 1950இல் இருவரும் சேர்ந்து தொடங்கியது. 1960இல் விவாகரத்து ஆனது. 1962இல் டெசியின் பங்கை லூசில் பால் விலைகொடுத்து வாங்கி, அந்த நிறுவனத்தின் தலைவரானார். அமெரிக்காவில் ஒரு பெரிய தொலைக்காட்சி ஸ்டுடியோவுக்குத் தலைமை வகித்த முதல் பெண் அவர்தான். தலைவராக இருந்தவரை ‘கணவர் நிறுவனத்தில் நடித்தவர்’ என்று அச்சில் போட்டு மாணவர்கள் கையில் கொடுக்கப்போகிறோமா?

அப்புறம் அந்த ‘வாழ்க்கைக் கதை’. லூசில் பால் 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். மூன்று வயதில் அப்பா டைஃபாய்டு கண்டு இறந்தார். பெரும்பாலும் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். பதின்ம வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அதே பள்ளியில் அப்போது படித்துக்கொண்டிருந்தவர், பின்னாளில் பெரிய திரை நட்சத்திரமான பெட்டி டேவிஸ். லூசிலோ வாயே திறக்காத கூச்சக்காரப் பெண். இவளுக்கு நடிப்பு வராது என்று பள்ளி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. (ஆசிரியர்களுக்கு எழுதும் மடலில் இதைப் பற்றி இன்னும் நாலு வரி எழுத ஆசைதான். விட்டுவிடுகிறேன்.) துணிக்கடை மாடலாக வேலை பார்த்தார். நோய் வந்து நெடுநாள் நடக்க முடியாமல் கிடந்தார். 1933இல் ஹாலிவுட்டுக்குப் போய்க் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றார். பிறகு ஆர்கேஓ ஸ்டுடியோவில் சின்னச் சின்ன வேடங்கள். பதினைந்து வருடத்துக்கும் மேலாகப் படங்களில் இருந்தும் முதல் வரிசைக்கு வரவில்லை. ‘பி படங்களின் ராணி’, அதாவது குறைந்த செலவில் எடுக்கும் இரண்டாம் வரிசைப் படங்களின் ராணி, என்று அவரைச் சொன்னதில் பாராட்டு பாதி, கேலி பாதி.

இதெல்லாம் நடிகையின் கதை, சரி. இதற்குப் பிறகு வருவது உங்கள் மூன்றாம் அலகேதான்.

1948 முதல் சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடரில் மனைவியாக நடித்துவந்தார். ஸ்டுடியோவில் ஆட்களை உட்கார வைத்து நடத்திய நிகழ்ச்சி அது. எதிரே ஆள் சிரித்தால்தான் தன் நடிப்பு மேலே ஏறுகிறது என்பதை அவர் அங்கேதான் தெரிந்துகொண்டார். அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சிபிஎஸ் கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்: கணவராக நடிப்பவர் நிஜக் கணவர் டெசியாக இருக்க வேண்டும். டெசி கியூபாவிலிருந்து வந்தவர். ஆங்கிலம் பேசினால் ஸ்பானிய வாடை அடிக்கும். வெள்ளைக்கார மனைவிக்கு இப்படி ஒரு கணவர் என்றால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று சிபிஎஸ் தயங்கியது. அவர்கள் 1940இலேயே திருமணம் செய்துகொண்டவர்கள்! சரி, ஜனங்களையே கேட்டுவிடுவோம் என்று 1950இல் இருவரும் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்தினார்கள். கூட்டம் ரசித்தது. சிபிஎஸ் இறங்கி வந்தது. அப்படி வந்த தொடர்தான் ‘ஐ லவ் லூசி’. அதில் லூசில் நடித்த மனைவியின் பெயர் லூசி, டெசி நடித்த கணவனின் பெயர் ரிக்கி.

அடுத்த சிக்கல் ஊர். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. தொலைவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது கினஸ்கோப். அதாவது டிவி திரையையே ஃபிலிம் கேமரா வைத்துப் படம்பிடித்து அனுப்பும் மங்கல் பிரதி. நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த ஃபிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சந்தையில் படம் பளிச்சென்று தெரிய வேண்டும். தம்பதிக்கோ கலிஃபோர்னியாவை விட்டுப் போக விருப்பமில்லை. அப்படியென்றால் நல்ல 35 எம்எம் ஃபிலிமிலேயே எடுத்துவிடலாம் என்றார்கள். செலவு கூடும். தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது, எடுத்த ஃபிலிம் தங்களுக்கே சொந்தமாக வேண்டும் என்பது. ஒருமுறை ஒளிபரப்பாகிவிட்டால் ஃபிலிமுக்கு மதிப்பில்லை என்று எல்லாரும் நினைத்த காலம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார்கள். சில வருடங்கள் கழித்து அதே ஃபிலிம் உரிமையைப் பல மில்லியன் டாலர் கொடுத்து சிபிஎஸ் திரும்ப வாங்கியது. 1957இல் டெசிலு, ஆர்கேஓ ஸ்டுடியோவையே விலைபேசி வாங்கியது. சின்ன வேடத்துக்காக லூசில் காத்துக்கிடந்த அதே இடம்.

மறுஒளிபரப்பு உரிமை என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இருந்தால் குழு சொல்லட்டும். இந்தத் துறையில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள் நாங்கள். நாங்கள் எடிட் செய்த தொடர்கள் மதிய நேரத்தில் மூன்றாம் முறையாக ஓடுவதை வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். நடித்தவர்களுக்கும் அதில் பைசா கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும் என்று எங்களுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை.

மூன்று கேமரா விஷயத்துக்கு வருகிறேன். என் பிழைப்பே அதுதான். பல கேமராக்களின் படங்களை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும் விஷன் மிக்ஸராக வேலைக்குச் சேர்ந்தேன். ஃபிலிமில் பல கேமரா வைத்து எடுப்பதை இவர்களுக்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் நாடகம்போல நடக்கும் ஒரு கதையை, சுமார் 300 பேர் எதிரே உட்கார்ந்து பார்க்க, மூன்று ஃபிலிம் கேமராக்களில் ஒரே நேரத்தில் எடுத்து, அதையே ஒரு தொழில்முறையாக நிலைநிறுத்தியது ‘ஐ லவ் லூசி’. ஃப்ளோரில் நின்றவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். ஒரு கேமராவுக்கு லைட் போட்டால் அடுத்த கேமராவுக்கு மூக்கு நிழல் விழும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிறுத்தி லைட்டை மாற்றினால் பார்வையாளர் எழுந்து போய்விடுவார்கள். இதற்கு விடை கண்டவர் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். நிழலும் வெளிச்சமுமாக விளையாடிய அந்த மனிதர் இங்கே வந்து, விளக்குகளை உயரத்தில் தொங்கவிட்டு, செட் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் விழும்படி செய்தார். செட்டுக்கு அடித்த வண்ணம்கூடச் சாம்பலின் பல சாயல்கள்தான். இன்று நம் வகுப்பு ஸ்டுடியோவில் மேலே கம்பியில் தொங்கும் விளக்குகளைக் காட்டி இதை ஐந்து நிமிடத்தில் புரியவைக்கலாம். வரைவில் ஃப்ராய்ண்ட் பெயரும் இல்லை.

அந்த 300 பேரில் லூசிலின் அம்மாவும் இருப்பார். படப்பிடிப்பு நடக்கும் இரவுகளில் தவறாமல் வருவார். மகள் ஏதோ வம்பில் மாட்டப்போகிறாள் என்று தெரிந்ததும் ‘அய்யய்யோ’ என்கிற தொனியில் அவர் பதறும் குரல் தொடரின் ஒலித்தடத்தில் பதிவாகியிருக்கிறது. கவனித்துக் கேட்டால் இன்றும் கேட்கும். சிரிப்பொலியை கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து ஒட்டுகிற நமக்கு இது கொஞ்சம் வெட்கமாக இருக்க வேண்டும்.

1951 அக்டோபர் 15இல் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது லூசிலுக்கு வயது 40. முதல் குழந்தை பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அடுத்த வருடமே மீண்டும் கருவுற்றார். இந்த இடத்தை நம் மாணவிகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு நகைச்சுவைத் தொடரில், கதையையே தூக்கி நிறுத்திய நடிகை ஒருவர் கருவுற்றார். முதலில் மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தோம், பிறகு க்ளோஸ்-அப்பாகவே எடுத்தோம். அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை, ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்ற அட்டையை நானே எடிட்டில் போட்டேன். யாரும் அவரிடம் கோபமாகப் பேசவில்லை. கால்ஷீட் தாளில் அவர் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். இதைத் தவிர வேறு வழி இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் வேறு வழி ஒன்று இருந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

1952இல் லூசிலும் டெசியும் தலைமை எழுத்தாளரும் தயாரிப்பாளருமான ஜெஸ் ஓப்பன்ஹைமரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்கள். கதையில் வரும் லூசியும் பிள்ளை பெறட்டும் என்று முடிவானது. சிபிஎஸ்ஸும் சிகரெட் நிறுவனமும் பதறின. கணவன் மனைவி படுக்கையையே தனித்தனியாகக் காட்டிய காலம் அது. ‘கர்ப்பம்’ என்ற சொல்லைத் தொடரில் பேசவே விடவில்லை. கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டன்ட் போதகர், யூத ரபி என்று மூன்று மதப் பெரியவர்களை வைத்துக் கதை வசனத்தைப் படித்துப் பார்த்தார்கள். அவர்கள் ஆட்சேபிக்கவில்லை. திரையில் கருவுற்ற பெண்ணைக் காட்டிய முதல் தொடர் இதுவல்ல. 1948லேயே ‘மேரி கே அண்ட் ஜானி’யில் வந்துவிட்டது. ஆனால் நாடே பார்த்துக்கொண்டிருந்த தொடரில், வேடிக்கை செய்யும் கதாநாயகி பெரிய வயிறோடு அதே வேடிக்கையைத் தொடர்ந்து செய்தது இதில்தான். 1953 ஜனவரி 19 அன்று லூசில் அறுவைச் சிகிச்சையில் மகனைப் பெற்றார். அன்று இரவே, ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த எபிசோடில், கதையின் லூசிக்கும் மகன் பிறந்தான். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. லூசிலுக்கு ஓய்வு தேவைப்பட்ட வாரங்களில் பழைய எபிசோடுகளை மறுபடி போட்டார்கள். கையில் ஃபிலிம் இருந்ததால் அது முடிந்தது.

அடுத்து, ‘கறுப்பு வெள்ளைக் காமெடி ஒட்டாது’ என்ற வாதம். குழுவில் யாராவது என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். 1952 மே மாதம் வந்த விளம்பர எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சத்து மருந்துக்கு லூசி விளம்பரம் நடிக்க வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி மருந்தை விழுங்க வேண்டும். அதில் 23 சதவீதம் ஆல்கஹால் என்பது அவருக்குத் தெரியாது. முதல் கரண்டியில் முகம் அஷ்டகோணல். உடனே அதைச் சிரிப்பாக மாற்றப் பார்க்கிறார், உதடு சிரிக்கிறது, கண் சிரிக்க மாட்டேன் என்கிறது. அதே வசனம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொல் வழுக்குகிறது, மருந்தின் பெயர் நாக்கில் சிக்குகிறது, கடைசியில் கரண்டிக்கு வேலையில்லாமல் பாட்டிலோடு வாயில் போகிறது. மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதன் பிறகு வசனத்தை எழுதிப்போட்டு, எந்தச் சுற்றில் எந்தச் சொல் உடைகிறது என்று குறித்துவரச் சொல்வேன். எதுவும் தற்செயல் இல்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியும் அப்படித்தான். ஓடும் பெல்ட்டில் வரும் சாக்லேட்டைத் தாளில் சுற்ற வேண்டும். லூசியும் அவள் தோழி எத்தலும் சமாளிக்க முடியாமல் வாயில், தொப்பியில், சட்டைக்குள் திணிக்கிறார்கள். மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார், பெல்ட் காலி. பரவாயில்லையே என்று மகிழ்ந்து, வேகத்தைக் கூட்டச் சொல்கிறார். கேமரா பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, வெட்டும் அதிகம் இல்லை. இரண்டு நடிகைகளின் கைகளும் பெல்ட்டின் வேகமும்தான் எடிட்டிங். எத்தலாக வந்த விவியன் வான்ஸ் இல்லாமல் இது நடக்காது. எழுதியவர்கள் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல். இந்த மாதிரி உடல் வித்தைகளை எழுதினால், ஒரு பெண்ணால் செய்ய முடிகிறதா என்று மேடலின் பியூ தானே செய்து பார்ப்பார். பிறகு லூசில் ஒத்திகையில் அதையே திரும்பத் திரும்பச் செய்து பழகுவார். கேமராவுக்குப் பக்கத்திலிருந்து உதவி இயக்குநர் வரி வரியாகப் ப்ராம்ப்டிங் சொல்ல, அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகும் நம் சீரியல் முறையில் வளரப்போகும் பிள்ளைகளுக்கு இது ஒருமுறையாவது கண்ணில் பட வேண்டாமா?

லூசில் பாலை தெய்வமாக்கச் சொல்லவில்லை. வியாபார ஏற்பாட்டில் டெசியின் மூளை பெரியது. அதை மறைத்து அவரைச் சிறுமைப்படுத்தினால் அதுவும் பொய். தலைவர் நாற்காலி லூசிலுக்குப் பிடித்தமானதாகவும் இருக்கவில்லை. இருந்தாலும் அந்த நாற்காலியில் இருந்த காலத்தில்தான், சொந்த நிர்வாகிகளே செலவைக் கண்டு தயங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’கும் ‘மிஷன் இம்பாசிபிள்’ளும் 1966இல் டெசிலுவிலிருந்து வெளிவந்தன. மறு வருடம் நிறுவனத்தை கல்ஃப் அண்ட் வெஸ்டர்னுக்கு விற்றார். 1986இல் மீண்டும் தொடர் நடிக்க வந்து, எட்டு எபிசோடு ஒளிபரப்பானதோடு அது நிறுத்தப்பட்டது. 1989 ஏப்ரல் 26இல் இறந்தார். ‘ஐ லவ் லூசி’யில் ரிக்கி மனைவியை மடியில் கிடத்தி அடிக்கும் காட்சிகள் உண்டு, இன்று பார்த்தால் முகம் சுளிக்கும். அதையும் காட்டித்தான் பாடம் நடத்துவேன். கம்பெனியில் சரிபாதி பங்காளியான பெண், திரையில் கணவனிடம் கெஞ்சி நடிக்க வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வி வகுப்பில் ஒரு மணி நேரம் ஓடும்.

நான் கேட்பவை இவை. லூசில் பால் பகுதியை மூன்றாம் அலகுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். மூன்று கேமரா முறைக்கும் மறுஒளிபரப்பு உரிமைக்கும் பக்கத்தில் அவர் பெயரோடு டெசி, ஃப்ராய்ண்ட், ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் பெயர்களையும் போடுங்கள். ஐந்தாம் அலகில் உள்ள அந்தத் தவறான வரியை எப்படியும் நீக்கியாக வேண்டும். இதில் பேரம் பேச எனக்கு இடமில்லை. விளம்பர எபிசோடும் சாக்லேட் எபிசோடும் வகுப்பில் முழுதாகத் திரையிட நேரம் ஒதுக்குங்கள், துண்டுக் காட்சிகளாக அல்ல. செய்முறைத் தேர்வில் ஒரு நகைச்சுவைக் காட்சியையாவது ப்ராம்ப்டிங் இல்லாமல் ஒத்திகை பார்த்து, மற்ற வகுப்பு மாணவர்களை எதிரே உட்கார வைத்து, மூன்று கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டுடியோவில் அதற்கான கேமராக்கள் இருக்கின்றன. ஒப்பந்தம், உரிமை, பேறுகால விடுப்பு பற்றி ஒரு வகுப்பு சேருங்கள். அதை நடத்த, சீரியலில் வேலை செய்த ஒரு நடிகையை மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். சின்னத்திரையில் வேலை பார்க்கும் ஒருவரையாவது குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைவு அகாடமிக் கவுன்சிலுக்குப் போகும் முன் இவற்றுக்கு எழுத்துமூலம் பதில் வேண்டும். மறுப்பதாக இருந்தால் எதை, எந்தக் காரணத்துக்காக என்று அந்தப் பதிலிலேயே குறிப்பிடுங்கள். மாணவர்களும் அதைப் படிக்கும்படி துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொலைக்காட்சித் தயாரிப்புத் தாளின் வருகைதரு ஆசிரியர்